சங்கத்து மேசைக்கு எந்த மரம்?

(சங்கத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

     

கம்பனைப் பற்றியும் இளங்கோவடிகளைப் பற்றியும் அறிஞர் பெருமக்கள் உரையாற்றிய இந்த மேடையில், மெட்ரிகுலேஷன் வரை மட்டுமே படித்து, இருபத்திரண்டு ஆண்டுகளாக ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் ஒரு குமாஸ்தா நின்றுகொண்டு, தேக்கையும் ஈட்டியையும் பற்றிப் பேசுவது சற்று வேடிக்கையாகவே தோன்றும். ஆயினும் ஒன்று சொல்வேன். மேசையைப் பற்றிப் பேச ஒரு குமாஸ்தாவுக்கு இருக்கும் உரிமை வேறு எவருக்கு உண்டு? விழித்திருக்கும் பொழுதில் பாதியை அவன் அதன் முன்னால்தானே கழிக்கிறான்!

செய்தி உங்களுள் பலரும் அறிந்ததே. நம் நூலகத்தின் வாசிப்பறைக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து பாருங்கள். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் படிக்கும் பிள்ளைகள் தரையில் அமர்ந்து, தொடைமேல் அட்டையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். தாராவியில் பத்தடிக்குப் பத்தடி அறையில், தாய் தந்தையரும் தம்பி தங்கையரும் பாட்டியும் இருக்க, ஒரு மூலையில் அடுப்பும் மறு மூலையில் தையல் இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்க, படிக்கும் பிள்ளை எங்கே போகும்? இங்கேதான் வருகிறது. ஆகவே எட்டுப் பிள்ளைகள் ஒரே வேளையில் அமர்ந்து எழுதத்தக்க ஒரு மேசை செய்வதெனச் செயற்குழு மூன்று திங்களுக்கு முன்னர் முடிவு செய்தது. நூறும் இருநூறுமாக உறுப்பினர்கள் தந்து, நிதியும் சேர்ந்தது.

அதன் பின்னர்தான் கருத்து இரண்டாகப் பிரிந்தது. நம் சங்கத்தின் பழைய உறுப்பினரான செம்பூர் அன்பர் ஒருவர், ஒரே பலகையில் இழைத்த ஈட்டி மரத்து மேசை ஒன்றைத் தம் சொந்தச் செலவில் செய்து தருவதாகவும், அது தலைவர் அறையை அலங்கரித்தால் சங்கத்திற்குப் பெருமை என்றும் எழுதியிருந்தார். அப்படியானால் பிள்ளைகளுக்கு? அவர்களுக்குக் கடையில் கிடைக்கும் ஒட்டுப்பலகை மேசை இரண்டு போதும் என்றனர் சிலர். மரம் பற்றி விசாரித்து வருமாறு என்னையும், நாகர்கோவில் பக்கத்தைச் சேர்ந்த ஆசாரி ஒருவரையும் செயலாளர் அனுப்பினார். அந்த ஆசாரி அண்ணாச்சி ஐம்பது ஆண்டுகளாக உளி பிடித்தவர். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொக்கையா அன்றா என்று சொல்லிவிடுவார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருவரும் அலைந்தோம். கண்டதையும் கேட்டதையும், ஓய்வு நேரத்தில் நான் படித்தறிந்ததையும் சேர்த்து உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு சிறு செய்தி. ‘மேசை’ என்னும் சொல்லே நம்முடையது அன்று. போர்த்துகீசியர் ‘மேசா’ என்றனர். நாம் மேசை என்றோம். அலமாரி, சன்னல், சாவி என்பனவும் அவர்கள் வழியாக வந்தவையே. நாற்காலி மட்டும் நம் சொல். நமக்கு மேசை ஏன் வேண்டாதிருந்தது? ஓலையை இடக்கையில் ஏந்தி, எழுத்தாணியை வலக்கையில் பிடித்து எழுதியவனுக்கு மேசை எதற்கு? காகிதமும் மைக்கூடும் வந்த பிறகே கைக்குக் கீழே ஒரு தளம் தேவைப்பட்டது. அப்போதும் நம் கணக்குப்பிள்ளைகள் நாற்காலியில் ஏறவில்லை. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, சாய்வான மூடியுள்ள பெட்டியை முன்னே வைத்து எழுதினார்கள். மூடியின்மேல் எழுத்து, உள்ளே பணமும் பத்திரமும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலும், இங்கே நம் சோர் பஜாரிலும் அத்தகைய பெட்டிகளை இன்றும் காணலாம். எட்டுப் பிள்ளைகளுக்கும் அத்தகைய பெட்டியே செய்துவிடலாமே என்று அண்ணாச்சி கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் மழைக்காலத்தில் நம் வாசிப்பறைத் தரையில் நீர் கசிவது அவருக்குத் தெரியாது.

இனி மரத்திற்கு வருவோம். உள்ளே வைரம் உடையதை மரம் என்றும், வெளியே வைரம் உடையதைப் புல் என்றும் வகுத்தது தொல்காப்பியத்தின் மரபியல். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினம். வைரத்தைக் ‘காழ்’ என்றார்கள் முன்னோர். மரக்கடையில் நாம் விலை கொடுப்பது இந்தக் காழுக்குத்தான். அதைச் சுற்றியுள்ள வெளிறு பூச்சிக்கு உணவு. அதில் மேசை செய்வது வீண்.

ஈட்டி மரம் என்றும் தோதகத்தி என்றும் நாம் கூறுவதை வெள்ளையர் ஒரு காலத்தில் கறுப்பு மரம் என்றனர். கருங்காலி வேறு, இது வேறு. நீலகிரி, ஆனைமலை, வயநாடு, குடகு என மேற்குத் தொடர்ச்சி மலையெங்கும் வளர்வது. ஊதாவும் கறுப்பும் கலந்த அதன் வரிகளைக் கண்டவர் கண்ணை எடுக்கமாட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பம்பாய் நகரமே இம்மரத்தில் செதுக்கிய மேசை நாற்காலிகளுக்குப் பெயர் பெற்றிருந்தது. மலபாரிலிருந்து கப்பலில் வந்த மரத்தை இங்குள்ள தச்சர்கள் இழைத்துச் செதுக்கினர். இலையும் கொடியும் பறவையும் பாம்பும் இடமின்றி நெருங்க, இரும்பில் வார்த்ததுபோல் கறுத்து நிற்கும் அந்த மேசைகள் ஆங்கிலேயர் மாளிகைகளிலும் பார்சிச் செல்வர் இல்லங்களிலும் வீற்றிருந்தன. அழகுதான். ஆனால் அவற்றில் அமர்ந்து எழுதிப் பார்த்தவர்கள், முழங்கையிலும் முழங்காலிலும் செதுக்கு வேலை குத்துவதையும் சொல்லியிருப்பார்கள் என்றே எண்ணுகிறேன்.

அந்தக் காலம் போயிற்று. ஈட்டி மெல்ல வளரும் மரம். செம்பூர் அன்பர் விரும்புவது நாற்பது அங்குல அகலமுள்ள ஒற்றைப் பலகை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாற்பது அங்குலப் பலகை கிடைக்க, மரத்தின் காழ் மட்டுமே பத்தரை அடிச் சுற்றளவு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மரம் நூறாண்டுக் கணக்கில் நின்றதாக இருக்கும். அவற்றுள் எஞ்சியவை சிலவே. அதனால்தான் 1994ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஈட்டி மரப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள். தன் சொந்த நிலத்தில் நிற்கும் மரத்தையும் உத்தரவின்றி வெட்டலாகாது என்று அச்சட்டம் விதித்தது. 2017ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் முதல் இந்த இனம் முழுவதும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

நாங்கள் பார்த்த கடை ஒன்றில் ‘ரோஸ்வுட்’ என்று காட்டினார்கள். அண்ணாச்சி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, ‘இது சீசம்’ என்றார். வடக்கே ஆற்றங்கரைகளில் வளரும் சீசம் ஈட்டிக்குத் தம்பி முறை. நல்ல மரம்தான், ஆனால் அண்ணன் பெயரில் அண்ணன் விலைக்கு விற்கிறார்கள். வேறொரு கடையில் உண்மையான ஈட்டியே இருந்தது. எந்தக் காட்டில் வெட்டியது, வனத்துறையின் சீட்டு உண்டா என்று கேட்டேன். சரக்குக் கணக்கு எழுதுகிறவனுக்குச் சீட்டில்லாத சரக்கென்றால் கை நடுங்கும். கடைக்காரர் எங்களுக்குத் தேநீர் வரவழைத்தாரே தவிர, சீட்டை வரவழைக்கவில்லை. சங்கத்தின் பெயரால் அந்தப் பலகையை எப்படி வாங்குவது?

ஒற்றைப் பலகை என்பதில் இன்னொரு இடரும் உண்டு. மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றும் விடுத்தும் வாழ்கிறது. நீளவாட்டில் அது ஏறக்குறைய அசைவதில்லை, அகலவாட்டில் அசையும். அந்த அகலவாட்டிலும், ஆண்டு வளையங்களின் சுற்றுப் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் போக்கில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டும் ஒவ்வாமையால்தான் பலகை குழிகிறது, கோணுகிறது, வெடிக்கிறது. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு நிழலில் உலர வேண்டும் என்பது தச்சர் வழக்கு. மும்பையிலோ ஜூலையில் காற்றைப் பிழிந்தால் நீர் சொட்டும். ஜனவரியில் உதடு வெடிக்கும். இந்த ஊரில் நாற்பது அங்குல ஒற்றைப் பலகை எத்தனை மழைக்காலம் நேராக நிற்கும்? இப்போது புதிய நாகரிகம் ஒன்று கிளம்பியிருக்கிறது: வெடித்த பலகைகள் இரண்டை இடைவெளி விட்டு வைத்து, நடுவே நீல நிறப் பிசினை ஊற்றி, ஆறு ஓடுகிறது என்கிறார்கள். அதற்குக் கேட்கும் விலையில் உண்மையான ஆற்றங்கரையிலேயே ஒரு செண்டு நிலம் வாங்கிவிடலாம் போலிருக்கிறது.

ஈட்டி வேண்டாம் என்றால் எதுதான் வேண்டும்? தேக்கு என்பேன். அதிலும் கடையில் புதிதாக வரும் தோட்டத்துத் தேக்கு அன்று. இந்த நகரத்தின் பழைய கட்டடங்களிலிருந்து இறங்கும் பர்மாத் தேக்கு.

பம்பாய்க்கும் தேக்குக்கும் உள்ள உறவு சாதாரணமானது அன்று. 1817ஆம் ஆண்டு அக்டோபரில் இங்குள்ள கப்பல் கட்டும் துறையில் பார்சி வாடியாக் குடும்பத்தார் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலைக் கட்டி நீரில் இறக்கினர். அதன் பெயர் என்ன தெரியுமா? ‘டிரிங்கோமலி’! நம் திருகோணமலையின் பெயரேதான். நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிவிட்டமையால் மலபார்த் தேக்கில் கட்டினார்கள். ஓக்கில் உள்ள புளிப்பு இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெயோ ஆணியைத் துருவிலிருந்து காக்கும். அந்தக் கப்பல் இருநூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்னும் ஊரில் மிதந்துகொண்டிருக்கிறது. இதே துறையில் 1813இல் கட்டிய ‘கார்ன்வாலிஸ்’ கப்பலின் மீதுதான் 1842இல் சீனரோடு நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

கப்பல்களுக்கு வெட்டி வெட்டி மலபார்க் காடுகள் வறண்டன. 1840களில் மலபார்க் கலெக்டர் கானலி என்பவர் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் இடும் நிலை வந்தது. வணிகர் கண்கள் பர்மாவின் பக்கம் திரும்பின. 1863இல் இந்நகரில் பம்பாய் பர்மா வாணிகக் கழகம் தோன்றியது. பர்மாக் காடுகளில் தேக்கின் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிறையும் வளையமாக வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டுகளில் பட்டு உலரும். பச்சைத் தேக்கு நீரில் மிதவாது என்பதால் இந்த ஏற்பாடு. பின்னர் வீழ்த்தி, யானைகளால் இழுத்து, ஐராவதி ஆற்றில் மிதக்கவிட்டு இரங்கூனுக்குக் கொண்டுவந்தனர். 1885இல், மரக்கணக்கைக் குறைத்துக் காட்டியதாகக் கூறி அந்தக் கழகத்திற்குப் பர்மிய அரசவை பெருந்தொகை அபராதம் விதித்தது. அதையே சாக்காக வைத்துப் பிரிட்டிஷார் படையெடுத்தனர். நவம்பர் முடிவதற்குள் மாந்தலை வீழ்ந்தது. திபா மன்னரை முதலில் சென்னைக்கும் பிறகு நம் மகாராஷ்டிரத்து இரத்தினகிரிக்கும் கொண்டுவந்து வைத்தார்கள். 1916இல் அவர் அங்கேயே மாண்டார்.

சரக்குக் கணக்கில் ஏற்பட்ட ஒரு தகராறு ஓர் அரசையே விழுங்கியது என்பதைப் படித்தபோது, குமாஸ்தாவாகிய நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் இந்த அவையில் பெரும்பாலோர். உங்களுக்கு மற்றொரு செய்தியும் சொல்ல வேண்டும். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் காட்டைக் குத்தகைக்குப் பெற்று மாஞ்சோலையில் தேயிலை பயிரிட்டதும் அதே கழகம்தான். அந்த எஸ்டேட்டில் மூன்று நான்கு தலைமுறை உழைத்த குடும்பங்கள் 2024இல் வேலை முடிந்து மலையிறங்க நேர்ந்ததை நாம் செய்தித்தாள்களில் படித்தோம். பர்மாத் தேக்கும் மாஞ்சோலைத் தேயிலையும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள்.

பர்மா அரசு 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. எனவே இனிப் பழைய தரத்துப் பர்மாத் தேக்கு வேண்டுமானால், ஏற்கெனவே இங்கே வந்துவிட்டதைத்தான் தேட வேண்டும். அது எங்கே இருக்கிறது? நம் தலைக்கு மேலே இருக்கிறது! பரேல், லால்பாக், கிர்காவ் பகுதிச் சால்களின் உத்தரங்களிலும் தூண்களிலும் இருக்கிறது. 1896இல் வந்த பிளேக் நோய்க்குப் பின் 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய இதே தாதர், மாட்டுங்காப் பகுதி வீடுகளின் நிலைகளிலும் சன்னல்களிலும் படிக்கட்டுக் கைப்பிடிகளிலும் இருக்கிறது. மாட்டுங்காக் கட்டடங்கள் பெரும்பாலும் சிமெண்டுக் காங்கிரீட்டு. உத்தரம் கிடைக்காது, நிலை கிடைக்கும். சால்களிலோ உத்தரமே தேக்கு. இன்று வாரத்திற்கு ஒரு கட்டடம் இடிபட்டு மாடிமேல் மாடி எழும்பும் இந்த நகரத்தில் அந்த மரமெல்லாம் லாரியேறிப் போகிறது. சில ஜோகேஸ்வரி ஓசிவாராச் சந்தைக்கு, சில ரே ரோட்டுக்கு.

ரே ரோடு நமக்கு அருகில்தான். கிங் சர்க்கிளில் ஏறினால் வடாலா ரோடு, சிவ்ரி, காட்டன் கிரீன், அடுத்தது ரே ரோடு. அங்கே மூன்றாவது ஞாயிறன்று, அடுக்கி வைத்த மரங்களுக்கு நடுவே இரண்டு உத்தரங்களைக் கண்டோம். ஒவ்வொன்றும் ஒன்பதடி நீளம், எட்டங்குலச் சதுரம். மேலே நான்கைந்து பூச்சுப் பெயிண்டும் புகைக்கரியும். பரேல் பக்கத்துச் சால் ஒன்றிலிருந்து வந்ததாம். கரியைப் பார்த்தால், அதன் கீழே எத்தனை குடும்பங்கள் அடுப்பு மூட்டினவோ! அண்ணாச்சி இழைப்புளியை எடுத்து ஒரு சாண் அளவு இழைத்தார். தேன் நிறத்தில், நெருங்கிய வளையங்களோடு காழ் வெளிப்பட்டது. தோல் பதனிடும்போது எழுவது போன்ற ஒரு மணமும் எழுந்தது. தாராவிவாசிகளுக்கு அந்த மணம் நன்றாகவே தெரியும். ‘தம்பி, இதற்கு மேல் தேட வேண்டாம்’ என்றார் அவர். கால்களுக்கு, நம் மாட்டுங்காவிலேயே இடிபட்ட ஒரு வீட்டின் நிலைச்சட்டம் கிடைத்தது. நான்கங்குலத்துக்கு மூன்றங்குலம். இரண்டு நெடுஞ்சட்டங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு கால்கள். கதவு பதிவதற்காக வெட்டிய காடியை இழைத்து நீக்கினால் மூன்றங்குலச் சதுரக் கால் கிடைக்கும்.

வேலை எப்படி நடக்கும் என்பதை அண்ணாச்சி விளக்கியபடி சொல்கிறேன். உத்தரங்கள் இரண்டிலும் சேர்த்து எட்டுக் கன அடி மரம். முதலில் காந்தத்தை ஓட்டி, புதைந்திருக்கும் ஆணிகளைத் தேடிப் பிடுங்க வேண்டும். ஓர் ஆணி தப்பினாலும் வாளின் பற்கள் போய்விடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். ஆதலால் முகத்தை மூடிக்கொண்டு, பிள்ளைகள் இல்லாத இடத்தில் சுரண்ட வேண்டும். பிறகு ஒவ்வோர் உத்தரத்தையும் நான்கு பலகைகளாக அறுப்பது. எட்டில் நல்லவையான ஐந்தை எடுத்து, ஒன்றரை அங்குலத் தடிப்புக்கு இழைத்து, பக்கம் பக்கமாகச் சேர்த்தால் நாற்பது அங்குல அகலம். ஒற்றைப் பலகையின் அதே அகலம்தான்! ஆனால் வளையங்களின் வளைவை ஒன்று மேலும் ஒன்று கீழுமாக மாற்றி மாற்றி வைத்துச் சேர்ப்பதால், ஒன்று குழிய முனைந்தால் அடுத்தது அதைத் தடுக்கும். மிஞ்சும் மூன்று பலகைகள் சட்டங்களுக்கு.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுப்போடுவதற்குச் சற்று முன்பு விளிம்புகளைப் புதிதாக இழைத்து, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. அவசரக்காரத் தச்சர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான் என்று அண்ணாச்சி இருமுறை கூறினார். தேக்கினுள் மணல் போன்ற பொருளும் கலந்திருப்பதால் உளி விரைவில் மழுங்கும். மணிக்கொரு முறை தீட்ட வேண்டும். காலும் சட்டமும் சேரும் இடத்தில் ஆணி கிடையாது. துளையும் கழுந்தும்தான்; குறுக்கே ஒரு மூங்கில் முளை.

மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஒட்டலாகாது. நூறாண்டுப் பழைய மரமும் மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும். நாற்பது அங்குல அகலத்தில் கால் அங்குலம் வரையில் விரியவும் சுருங்கவும் இடம் கேட்கும். ஆகையால் சட்டத்தில் நீள்வட்டத் துளையிட்டு, அடியிலிருந்து திருகாணி போடுவார். பலகை நகர்ந்தால் திருகாணியும் துளைக்குள் நகரும். இந்தச் சிறு துளையை மறந்துவிட்டுத்தான் எத்தனையோ விலையுயர்ந்த மேசைகள் நடுவே பிளந்து நிற்கின்றன.

உயரம் பற்றி மட்டும் நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார். அலுவலக மேசை முப்பது அங்குலம். அது பெரியவர்களுக்கே சற்று அதிகம். பிற்பகல் மூன்று மணிக்குத் தோள் வலிக்கும். பிள்ளைகளுக்கு இருபத்தெட்டு அங்குலம் போதும். பளபளப்பான பாலிஷ் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சுப் பாலிஷ் பார்வைக்கு அழகு. சூடான தேநீர்க் குவளையோ நனைந்த தண்ணீர்ப் புட்டியோ பட்டால் வெள்ளை வளையம் விழும். பிறகு பிள்ளைகளை அதட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் தேய்த்தால் போதும். ஆணித்துளைகளை மெழுகு வைத்து மறைக்கவேண்டுமா என்று கேட்டார். பேனா முனை மாட்டிக்கொள்ளும் பெரிய துளைகளை மட்டும் மரத்துண்டால் அடைக்கச் சொல்லியிருக்கிறேன். மற்றவை இருக்கட்டும்.

‘இடிபாட்டு மரத்தில் சங்கத்துக்கு மேசையா? மதிப்புக் குறைவு அல்லவா?’ என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். உலகத்திலேயே பெயர் பெற்ற மேசை எது என்று அவரைத் திருப்பிக் கேட்டேன். அமெரிக்க நாட்டுத் தலைவர்கள் அமரும் மேசை. அதுவும் இடிபாட்டு மரம்தான்! ‘ரெசொல்யூட்’ என்னும் பிரிட்டிஷ் கப்பல் வடதுருவக் கடலில் பனிக்கட்டியில் சிக்கி 1854இல் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஓர் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் அதைக் கண்டெடுத்தது. அமெரிக்கர் அதை விலை கொடுத்து வாங்கிச் செப்பனிட்டு, 1856இல் விக்டோரியா அரசிக்கே திருப்பி அளித்தனர். 1879இல் கப்பலை உடைத்தபோது, அந்த ஓக் மரத்தில் மேசை செய்வித்து, 1880இல் அமெரிக்கத் தலைவர் ஹேய்சுக்கு அரசி அனுப்பினார். 1961இல் கென்னடி காலத்தில் அது தலைவரின் அலுவலறைக்கு வந்தது. புதிதாக வெட்டிய விலையுயர்ந்த மரம் அரசிக்குக் கிடைக்காமலா போயிற்று?

அவ்வளவு தூரமும் போக வேண்டாம். நம் மாட்டுங்கா ரயில்வேப் பணிமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1930ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் பம்பாய்க்கும் புனேவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய டெக்கான் குவீன் வண்டியின் அடிச்சட்டங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. பெட்டிகளின் உடலைக் கட்டியது மாட்டுங்காத் தொழிலாளிகள். மரவேலை தெரிந்த தச்சர் இல்லாமல் அக்காலத்தில் ரயில் பெட்டி இல்லை. 1955இல் பெரம்பூரில் எஃகுப் பெட்டித் தொழிற்சாலை திறந்தபின் அந்தத் தச்சு வேலை மெல்ல மெல்ல மறைந்தது. அது வளர்ச்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் என் அலுவலகத்தில் இப்போது எனக்குத் தந்திருக்கும் மேசை மரத்தூளை அழுத்திச் செய்தது. ஒரே மழைக்காலத்தில் அதன் விளிம்பு அப்பளம்போல் உப்பிவிட்டது. பிள்ளைகளுக்கு வாங்கலாம் என்று சிலர் கூறுவதும் அதே இனம்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிது வாங்கினால், இருபதாண்டில் எத்தனை ஆயிற்று என்று பொருளாளர் கணக்குப் பார்க்கட்டும்.

செலவு விவரத்தைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துள்ளேன். உத்தரம், நிலைச்சட்டம், அறுப்புக் கூலி, அண்ணாச்சியின் கூலி எல்லாம் சேர்த்தும், அந்த ஒற்றை ஈட்டிப் பலகைக்குச் சொன்ன விலையில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. உறுப்பினர்கள் தந்த நிதிக்குள்ளேயே அடங்குகிறது.

செம்பூர் அன்பர் இதோ முன் வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார். ஐயா, தாங்கள் தர முன்வந்த உள்ளத்தை இந்த அவையில் எவரும் குறைத்து மதிக்கவில்லை. இருபதாண்டுகளுக்கு முன் தாங்கள் தந்த நூல்களால்தான் நம் நூலகமே தொடங்கிற்று என்பதையும் மறக்கவில்லை. அந்த நூல்கள் இன்று தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. தலைவர் அறையில் மேசை வைத்தால் ஆண்டுக்கு ஆறு கூட்டத்தில் அதைத் தலைவர் காண்பார். அதே தொகையில், இந்த மேசைக்கு இருபுறமும் இரண்டு பெஞ்சுகளும், சுவர் நெடுக நான்கு அலமாரிகளும் செய்யலாம் என்று அண்ணாச்சி கணக்குச் சொல்கிறார். அலமாரியின் உட்பக்கத்தில் தங்கள் தந்தையார் பெயரைப் பொறிக்கலாம். தங்களுக்கு விருப்பம் இருந்தால், வரும் ஞாயிறு என்னோடு ரே ரோட்டுக்கு வாருங்கள். மரத்தைத் தாங்களே தொட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், நான் வருத்தப்படமாட்டேன்.

தீர்மானம் அடுத்த செயற்குழுவில் வருகிறது. இரண்டு உத்தரங்களின்மீதும் அண்ணாச்சி சாக்கட்டியால் சங்கத்தின் பெயரை எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறார். கடைக்காரர் மாதக் கடைசி வரையில் பிறருக்கு விற்பதில்லை என்று வாக்குத் தந்துள்ளார். முன்பணம் நான் கொடுத்துவிட்டேன். ரசீது செயலாளரிடம் இருக்கிறது.